இராஜதந்திரமும் ஓர் எலுமிச்சம்பழமும்

மாவனல்லைக் கடைத்தெருவில், ஸப்ரி நானாவின் புத்தகக் கடையில், சுரேந்திரன் வலது கையில் ஒரு புத்தகமும் இடது கையில் ஒரு புத்தகமுமாக நின்றுகொண்டிருந்தான். வலது கையில் இருந்தது சர்வதேச இராஜதந்திரம். இடது கையில் இருந்தது நவீன வரலாறு. இரண்டும் ஒரே தடிமன். இரண்டின் அட்டையிலும் கோட்டுப் போட்ட மனிதர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். சுரேந்திரனுக்கு இரண்டுமே ஆகாத சாமான். அடுத்த தெருவில் போன் திருத்தும் கடையில் வேலை பார்ப்பவன் அவன். கடைசியாக அவன் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்த அச்சுத்தாள், ஒரு சார்ஜரோடு வந்த எச்சரிக்கைத் துண்டு.

"தம்பி, ரெண்டு புத்தகமும் ஒங்கட கையில வேர்த்துப் பெய்த்து," என்றார் ஸப்ரி நானா. "ஒண்ட எடுங்க. இல்லாட்டி ரெண்டையும் வெச்சிட்டுப் பெய்ங்க."

"கல்யாண விசயம் நானா."

"கல்யாணத்துக்கு சமையல் புத்தகம் ஈக்கி. அந்தா, மேல் தட்டில."

விசயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சுரேந்திரன் தன் அம்மா புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு ஷாமிளாவைப் பெண் கேட்கப் போக வேண்டும். ஷாமிளா அவன் குடியிருக்கிற ரப்பர் தோட்டத்துப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிற டீச்சர். அதற்கு அடுத்த ஞாயிறு பெல்மதுளையிலிருந்து மாணிக்கக்கல் வியாபாரம் செய்கிற மாப்பிள்ளை ஒருவன் வரப்போகிறான். அவனுக்குச் சொந்தமாக வேனும், வேனை ஓட்ட ஆளும் உண்டு. சுரேந்திரனிடம் இருப்பது சொந்தமாக ஒரு ஸ்குரூட்ரைவர் பெட்டி. ஆகவே இந்த ஞாயிறு சரிவராவிட்டால் எல்லாம் முடிந்தது.

"அப்பாவுக்கு சீனி இருக்கு, கேக் கொண்டாந்துறாதீங்க," என்று ஷாமிளா போனில் சொல்லியிருந்தாள். "பழம்னா வேணவே வேணாம், அந்தப் பேச்சே எடுக்காதீங்க. பொஸ்தகம் கொண்டாங்க. எந்தப் பொஸ்தகம்னு நீங்களே பாத்து எடுங்க. நான் சொல்லி வாங்குனா அது நான் குடுத்ததாப் போயிரும்."

ஷாமிளாவின் அப்பா ஐயாவு, தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். வேலையில் இருந்த காலத்தில் ஆட்களை விரட்டினார். ஓய்ந்த பிறகு விரட்டுவதற்கு ஆள் இல்லாமல் புத்தகங்களை விரட்டி விரட்டிப் படிக்கிறார். கொண்டுபோகிற புத்தகத்தை வைத்துக் கேள்வி கேட்பார் என்பது நிச்சயம். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது பழைய கதை.

பழைய கதை ஒரு காளாஞ்சித் தட்டில் தொடங்கியது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா முடிந்ததும் தேங்காய், பழம், வெற்றிலை, விபூதி வைத்து மரியாதைக்குரியவர்களுக்கு வரிசையாகக் கொடுப்பார்களே, அந்தத் தட்டு. அதில் உள்ளதைக் கடையில் யாரும் வாங்கிக்கொள்ளலாம். முதலில் வாங்குவது யார் என்பதற்குத்தான் இந்த நாட்டுத் தோட்டங்களில் மண்டை உடைகிறது. ஒரு வருடம் கீழ்க்கணக்கிலிருந்த தொழிற்சங்கத் தலைவர் வீரமலை, அதாவது சுரேந்திரனின் அப்பா, முதல் காளாஞ்சிக்குக் கையை நீட்டியபோது, நீட்டிய கைக்கு மேலாகக் கணக்கப்பிள்ளை ஐயாவுவின் கை வந்து தட்டைக் கொண்டுபோய்விட்டது. அம்மன் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில், குண்டூசி குத்திக் குங்குமம் பூசிய ஓர் எலுமிச்சம்பழம் ஐயாவு வீட்டு வாசற்படியில் கிடந்தது. ஐயாவு அதை மிதித்தார். மறுநாள் கால் வீங்கியது. டிஸ்பென்சரியில் காலைப் பார்த்த டாக்டர் மாத்தயா, "ஊசியை மிதித்தால் கால் வீங்கத்தானே செய்யும்" என்று சிங்களத்தில் சொல்லி ஓர் ஊசி போட்டு அனுப்பினார். ஐயாவுக்கு அந்த வைத்தியம் பிடிக்கவில்லை. இது வீரமலை வைத்த செய்வினை என்று வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் போய்ச் சொன்னார். வீரமலை சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யவில்லையே தவிர, வாயால் இல்லை என்றே சொன்னார். தோட்டம் வீரமலையை நம்பியது. ஐயாவுக்கு 'எலுமிச்சை ஐயாவு' என்று பட்டப்பெயர் வைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அவரைக் கண்டால் புளிப்புத் தின்ற மாதிரி முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டு ஓடும். வீரமலை செத்துப்போன பிறகும் பட்டப்பெயர் சாகவில்லை.

இவ்வளவையும் சுரேந்திரன் சுருக்கிச் சொல்லக் கேட்டுவிட்டு, ஸப்ரி நானா தாடியைத் தடவினார்.

"வரலாறக் கொண்டு போனா, பழசக் கிண்டுவாங்க."

"அதுதான் நானா நானும் யோசிக்கிறேன்."

"ராஜதந்திரத்தக் கொண்டு போனா, ஒங்களக் கள்ளன்டு நெனப்பாங்க."

"அப்ப எதை எடுக்கிறது?"

"கள்ளனுக்குப் பொண்ணு குடுத்தவங்க ஈக்கிறாங்க. பழசக் கிண்டிக் கல்யாணம் முடிச்சவங்கள நான் காணல்ல."

சுரேந்திரன் நவீன வரலாற்றைத் தட்டில் திருப்பி வைத்தான். வைத்தபோது அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் உறுத்தியது. ஏனென்றால் அந்த எலுமிச்சம்பழத்தின் வரலாறு அவனுக்குத் தெரியும். அன்று விடியற்காலையில், மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு ஐயாவு வீட்டு வாசலில் குனிந்து நிமிர்ந்த அப்பாவை அவன் தன் கண்ணால் கண்டிருந்தான். அதை ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தான். காதலித்த புதிதில், காதலித்த புதிதில் எல்லோரும் செய்கிற மடத்தனமாக, ஷாமிளாவிடம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்கப்பாவ ஊரே பிஸ்ஸு, பைத்தியம்னு சொல்லுது சுரேன். ஒரு நாளைக்கு நீங்க இத அவருகிட்ட சொல்லணும்," என்றாள். அவனும் தலையாட்டினான். காதலிக்கிறவன் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் இராஜதந்திரத்தைப் புரட்டிப் பார்த்தான். பிடித்துப்போய்விட்டது. ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், எதிராளி கோபப்படுவதற்கு இடமே கொடுக்காமல், நாட்டையே நடத்துகிறார்கள். சண்டை என்று சொல்வதில்லை, கருத்து வேறுபாடு என்கிறார்கள். மாட்டிக்கொண்டால் ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறார்கள். இவ்வளவு நல்ல விசயத்தைப் பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லித் தரவில்லை என்று நினைத்துக்கொண்டே, இறங்க வேண்டிய சந்தியைத் தாண்டிப் போய் இறங்கினான்.

வீட்டில் புஷ்பம் புத்தகத்தை வாங்கி அட்டையை எழுத்துக் கூட்டினாள். நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டிய கை, எழுத்துக்குக் கீழே விரலை அழுத்தி அழுத்தி நகர்ந்தது.

"சர்வதேச... ராஜ... தந்திரம். ஏன்டா, கோடங்கிப் பொஸ்தகமா வாங்கியாந்திருக்க?"

"அய்யோ, இல்லம்மா. ஒரு நாட்டு மந்திரி இன்னொரு நாட்டு மந்திரிகிட்ட எப்படிப் பேசணும்னு சொல்ற பொஸ்தகம்."

"மந்திரியா? அப்ப மந்திரமும் இருக்குன்னு சொல்லு."

"அம்மா, இது கவர்மெண்டு விசயம். சிங்களத்துல ராஜ்ய தாந்திரிகம்னு சொல்லுவாங்க. நியூஸ்ல கேட்டதில்லையா?"

"பாத்தியா! சிங்களத்துலயும் தாந்திரிகந்தான்! செய்வினை வைக்கக் கப்புராளகிட்ட போறவன் சொல்ற பேச்சு," என்றாள் புஷ்பம். "அந்த வீட்டுக்கு, அதுவும் நம்ம வீட்டுலருந்து, இதக் கொண்டு போவாத. நான் சொல்லிட்டேன்."

அவன் கேட்கவில்லை. பூப்போட்ட தாளில் சுற்றி, மேலே ஒரு ரிப்பனும் ஒட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மேக்கணக்கில் வெயில் நன்றாக அடித்தது. ஐயாவு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி மல்லிகா பாய் விரித்தாள், தண்ணீர் கொடுத்தாள், புஷ்பத்தைப் பார்த்துச் சிரிக்காமல் "வாங்க" என்றாள். புஷ்பமும் சிரிக்காமல் "வந்தோம்" என்றாள். ஷாமிளா உள்ளே கதவோரம் நின்றாள். பச்சைச் சேலை. சுரேந்திரனுக்கு அவளைப் பார்த்ததும், பஸ்ஸில் படித்ததெல்லாம் ஒரு கணம் மறந்து பிறகு ஞாபகம் வந்தது.

"மாமா, இது உங்களுக்கு," என்று பொதியை நீட்டினான்.

"யாருக்கு யாரு மாமா?" என்றார் ஐயாவு. ஆனால் பொதியை வாங்கிக்கொண்டார். தாளைப் பிரித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது கிடைப்பதற்குள் மல்லிகா எட்டிப் பார்த்து அட்டையை வாசித்தாள். முன்னால் இருந்த சொல் பெரியதாக இருந்ததால் அதை விட்டுவிட்டாள்.

"ராஜ... தந்திரம்," என்றாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "தந்திரமாம்! அன்னைக்கு ஒத்தப் பழமா வச்சாங்க. இன்னைக்குப் பொஸ்தகமாவே கொண்டாந்துட்டாங்க!"

புஷ்பம் மகனைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் சொன்னேனே என்று வாயால் சொல்ல வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

"அம்மா, அது அப்படி இல்லம்மா," என்று உள்ளேயிருந்து ஷாமிளா பதறினாள். "அது டிப்ளோமசி."

"இதுக்கு டிப்ளோமா வேற குடுக்குறாங்களா?" என்றாள் மல்லிகா.

அதற்குள் நாலைந்து வீட்டு வாசலில் தலைகள் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை லயத்தில் இதைவிட வேறு என்ன வேலை? ஐயாவு கண்ணாடியைக் கண்டெடுத்து, போட்டு, அட்டையைப் படித்தார். அவருக்கு அது என்ன புத்தகம் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. அவ்வளவு வருடமாகக் காத்திருந்த மனிதர், தானாக வந்து விழுந்த சந்தர்ப்பத்தை விடுவாரா?

"பொஸ்தகம் கெடக்கட்டும்," என்றார். "பொண்ணு கேக்க வந்திருக்கீங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். என் வாசல்ல எலுமிச்சம்பழத்த வச்சது யாரு?"

சுரேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இதற்குத்தானே படித்தது!

"அந்தச் சம்பவம் சம்பந்தமா எங்க வீட்டுல எல்லாருக்கும் ஆழ்ந்த கவலை இருக்குதுங்க."

"கவலை இருக்கட்டும். யாரு வச்சா?"

"ரெண்டு தரப்புக்கும் அப்ப ஒரு கருத்து வேறுபாடு இருந்துச்சுங்க. இனிமே நம்ம முன்னோக்கிப் பாக்கணும்னு..."

"முன்னால பாக்காமத்தான்டா நான் அந்த ஊசிய மிதிச்சேன்!" என்று கத்தினார் ஐயாவு. "ஒங்கப்பன் வச்சானா, வைக்கலையா?"

"அது... ஒடனே கருத்துச் சொல்ற நெலமையில நான்..."

பக்கத்து வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எலுமிச்சை" என்ற சொல்லும் காதில் விழுந்தது. ஐயாவுவின் முகம் சுருங்கிப்போனது. சுரேந்திரன் அந்த முகத்தை அதற்கு முன் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. விரட்டுகிற கணக்கப்பிள்ளையின் முகமாக அது இல்லை. ஊரே பைத்தியம் என்று சொல்லச் சொல்ல, தானும் அப்படித்தானோ என்று பயந்துபோன ஒரு மனிதனின் முகமாக இருந்தது. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஷாமிளா கதவோரத்தை விட்டு வெளியே வந்தாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து அவள் குரல் நடுங்கியது.

"சுரேன், ஆமாவா இல்லையா? ஒத்த வார்த்தை. நீங்க இல்லன்னு சொன்னா நான் ஒண்ணும் பேச மாட்டேன். பெல்மதுளைக்காரன் வரட்டும்."

அவள் பேசாமல் இருந்துவிடுவாள் என்பது அவனுக்குத் தெரியும். அப்பாவிடம் காட்டிக் கொடுக்க மாட்டாள். ஆனால் அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவன் முகத்தைப் பார்க்கவும் மாட்டாள். ஆம் என்று சொன்னாலோ ஐயாவு பெண்ணைத் தர மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா சோறு போட மாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் அடிதான். ஸப்ரி நானாவின் கடையில் இரண்டு புத்தகங்களோடு நின்றது எவ்வளவு சுகமான வேலை என்று அவனுக்கு இப்போது தெரிந்தது.

"ஆமாங்க," என்றான் சுரேந்திரன். "எங்கப்பாதாங்க வச்சாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

புஷ்பத்தின் கை மகனின் முதுகில் ஒன்று வைத்தது. அது வலித்தது.

ஐயாவு கதிரையிலிருந்து எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று சுரேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது ஐயாவு அவனைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.

"கேட்டீங்களா?" என்று லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும்படி கூவினார். "காது நல்லா கேட்டுச்சா? வீரமலை பெத்த மகன் சொல்றான்! நான் பிஸ்ஸா? நான் பிஸ்ஸான்னு கேக்குறேன்! யே கஜேந்திரா, பல்லக் காட்டுனியே, இப்பக் காட்டு!"

பல்லைக் காட்டிய கஜேந்திரன் கதவைச் சாத்திக்கொண்டான். ஐயாவு இன்னும் இரண்டு லயத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்தார். வரும்போது மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தார். மல்லிகாவைப் பார்த்து, "நீ ஒருத்திதானே என்ன நம்புன," என்றார். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"போ, போயி தேத்தண்ணி ஊத்து. சம்பந்தி வந்து எவ்வளவு நேரமாச்சு."

சம்பந்தி! சுரேந்திரனுக்குக் காதில் விழுந்தது நிஜந்தானா என்று சந்தேகமாக இருந்தது. ஷாமிளா முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"இந்தப் பொஸ்தகத்த நீங்களே கொண்டு போங்க மருமகனே," என்று ஐயாவு புத்தகத்தை அவன் மடியில் போட்டார். "எனக்கு நடந்தது வேணும். மழுப்புறது எப்படின்னு நம்ம தொரைமாருகிட்டயே பாத்துட்டேன். அடுத்த தடவ வரலாறு ஏதும் இருந்தாக் கொண்டாங்க."

"இருக்குங்க மாமா. கடையில வச்சிட்டுத்தான் வந்தேன்."

பெல்மதுளைக்காரனுக்கு அன்றே போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பரிசம் போடத் தையில் நாள் பார்ப்பதென்று பேச்சாயிற்று. தேத்தண்ணீர் வந்தது, முறுக்கு வந்தது, வாழைப்பழம்கூட வந்தது. புஷ்பம் ஒன்றையும் தொடவில்லை. கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாள்.

திரும்பி வருகிற வழியில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அவள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். சுரேந்திரன் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்தான். அவனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அம்மாவின் கோபத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான். புஷ்பம் அதுவரை பொறுக்கவில்லை. நடுவழியில் நின்று திரும்பினாள்.

"ஒங்கப்பாவுக்கு எலுமிச்சம்பழத்துல ஊசி குத்தத் தெரியுமாடா?"

"என்னம்மா?"

"கோழி அறுக்கச் சொன்னா கண்ண மூடிக்கிற மனுசன். அவரா ஊசி குத்துனாரு? நான்தான்டா குத்துனேன். நான்தான் குங்குமம் பூசுனேன். எம்புருசன் கைக்கு மேல கைய நீட்டுனானேன்னு எனக்குத் தாங்கல. வேணாம் புஷ்பம், வேணாம் புஷ்பம்னு ராத்திரி முழுக்க அழுதாரு. நீங்க போவலன்னா நானே போவேன்னு நின்னேன். பொம்பளையாளு இருட்டுல போயி மாட்டிக்கிட்டா ஊரு நாறிப் போவும்னுதான் அவரு கொண்டு போயி வச்சாரு. நீ அதப் பாத்துட்டு வந்து, இன்னைக்கு ஊரு பூரா அவரக் கோடங்கியாக்கிட்ட."

அப்பா குனிந்து நிமிர்ந்ததைக் கண்டது பொய்யில்லை. கண்டதைச் சொன்னதும் பொய்யில்லை. ஆனாலும் செத்துப்போன நல்ல மனிதர் ஒருவரின் தலையில் அவன் மண்ணை வாரிப் போட்டுவிட்டான்.

"நான் திரும்பிப் போயி சொல்லிர்றேன்மா."

"என்னன்னு? எங்கம்மாதான் சூனியக்காரின்னா? சூனியக்காரி வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" புஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இல்ல, சொல்றதுன்னா சொல்லு. எனக்கென்ன. அவருதான் பாவம். உசுரோட இருக்கையிலயும் எம்மேல ஒரு பழி விழ விட்டதில்ல. செத்தும் விடல."

அப்போது போன் அடித்தது. ஷாமிளாதான். குரலில் இன்னும் அழுகையின் ஈரம் இருந்தது, அதற்கு மேலே சிரிப்பும் இருந்தது.

"சுரேன், அப்பா பாட்டுப் பாடுறாரு. எத்தன வருசத்துக்கப்புறம் தெரியுமா? எல்லாம் நீங்க உண்மையச் சொன்னதுனாலதான். இனிமே என்கிட்ட எப்பவும் இப்படியே இருக்கணும். வேற ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க."

சுரேந்திரன் அம்மாவைப் பார்த்தான். புஷ்பம் அவனைப் பார்க்கவில்லை. ஒரு மரத்தில் கவிழ்ந்து கிடந்த பால் சிரட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"வேற ஒண்ணும் இல்ல ஷாமிளா," என்றான் அவன். "அப்பாதான் வச்சாரு. அவ்வளவுதான்."